ஃபேனை மறந்த வெளிச்சக் கணக்கு

1

ஊரிலிருந்து யார் வீடியோ காலில் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்ன, அங்க கரண்டு இல்லையா?"

இருக்கிறது. டென்மார்க்கில் நான் குடியிருக்கும் ஆர்ஹுஸ் நகரத்தில் மின்சாரம் நின்று நான் பார்த்ததே இல்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வீட்டை வெளிச்சமாக வைத்துக்கொள்வதை ஏதோ மரியாதைக் குறைவான காரியமாக நினைக்கிறார்கள். கூடத்தின் மூலையில் ஒரு விளக்கு, சாப்பாட்டு மேசைக்கு மேலே மூக்கில் இடிக்கிற உயரத்தில் ஒரு விளக்கு, ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டையும் உட்கார்ந்து ரசிப்பார்கள். வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃபோனில் பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு என் முகத்தில் பாதிதான் தெரிகிறது.

இன்று காலை தங்கை விமலா கூப்பிட்டாள். ராஜபாளையத்தில் அவள் சொந்த வீடு கட்டிக் குடிபோய் இன்றோடு ஒரு வருஷம். அதற்காகச் சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்திருக்கிறாள்.

"அக்கா, பாட்டு ஆரம்பிக்கும்போது கூப்புடுதேன். அங்கேருந்தே சேந்துக்கோ. ஆனா மொகம் தெரியுற மாதிரி ஒக்காரு. போன தடவ போதகர் ஐயா ஒங்க வீட்டப் பாத்துட்டு, துக்க வீடான்னு கேட்டுட்டாக."

"ஏட்டி, இது கணக்குப் போட்டு வச்ச வெளிச்சம்டி."

"ஒன் கணக்குதான் எனக்குத் தெரியுமே!" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் ஏன் சிரித்தாள் என்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்காக நானே சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்துக்குக் கணக்குப் போடுவதுதான் என் தொழில். அதில்தான் சாப்பிடுகிறேன். அந்தக் கணக்கை என் சொந்தத் தங்கை வீட்டுக்குப் போட்டபோது நடந்த கூத்து இது.

2

உனக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற விளக்கம் இதுதான். வீட்டுக்கோ கடைக்கோ உள் அலங்காரம் செய்கிறவர்கள், சுவரின் நிறம், சோபா, திரைச்சீலை எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு எங்களிடம் வருவார்கள். இந்த அறைக்கு எத்தனை விளக்கு, எந்த உயரத்தில், எந்த நிற வெளிச்சம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு. ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்கு லக்ஸ் என்று ஓர் அளவு. ஒரு விளக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளிச்சம் புறப்படுகிறது என்பதற்கு லூமென் என்று ஓர் அளவு. புறப்படுவதெல்லாம் போய்ச் சேர்ந்துவிடாது. சுவர் கொஞ்சம் குடித்துவிடும், விளக்கின்மேல் படிகிற தூசி கொஞ்சம் தின்றுவிடும். அந்தச் சேதாரத்தையும் சேர்த்து வகுத்தால் எத்தனை விளக்கு என்று வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அந்த அறையில் யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் சிரமமான பகுதி.

இந்தத் தொழிலுக்கு இங்கே ஒரு பெயர் வாங்குவதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. வந்த புதிதில் விசா நீட்டிப்புக்குப் போனேன். அவர்களுடைய தொழில் பட்டியலில் என் தொழில் இல்லை. கவுன்டரில் இருந்த அம்மாள் செத்த நேரம் யோசித்து, எலக்ட்ரீசியன் என்று போட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து, எலக்ட்ரீசியன் லைசென்ஸ் எங்கே என்று கேட்டு எழுதினார்கள். நான் ஒயரைத் தொடுகிறவள் அல்ல, கணக்குப் போடுகிறவள் என்று பதில் எழுதினேன். அப்படியானால் கணக்காளருக்கான சான்றிதழை அனுப்பவும் என்று பதில் வந்தது. கடைசியில் எங்கள் முதலாளி நேரில் போய் உட்கார்ந்து பேசித்தான் தீர்ந்தது.

மொழியும் சும்மா விடவில்லை. டேனிஷில் ஐம்பத்து மூன்றை 'மூன்றும் ஐம்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். ஒரு நூலகத்துக்கு ஐம்பத்து மூன்று விளக்குகள் ஆர்டர் சொல்லும்போது என் வாய் தமிழ் வரிசையில் போய்விட்டது. கடைக்காரர் முப்பத்தைந்து அனுப்பினார். குழந்தைகள் பகுதிக்கு வரும்போது விளக்கு தீர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் டார்ச் அடித்துக் கதை படித்தார்கள். விளக்கு வந்த பிறகும் டார்ச்தான் வேண்டும் என்று அழுததாக நூலகர் சொன்னார்.

முதல் குளிர்காலத்தில் இருட்டைத் தாங்க முடியாமல் சமையலறையில் நம் ஊர் மாதிரி பளிச்சென்று ஒரு வெள்ளை டியூப் லைட் மாட்டினேன். எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, மிகுந்த பணிவோடு, இங்கே பல் மருத்துவமனை திறக்கிறீர்களா என்று கேட்டார். அடுத்து குடியிருப்போர் சங்கத்திலிருந்து, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற விளக்கின் நிறம் பற்றி நீளமாக ஒரு கடிதம் வந்தது. விளக்கைக் கழற்றிவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன். ஆன பிறகு எதையெல்லாம் மறந்தேன் என்பது எனக்கே தெரியாது.

3

விமலாவுக்கு ஒற்றைத் தலைவலி. சின்ன வயதிலிருந்தே உண்டு. துடிக்கிற வெளிச்சம் எதுவும் அவளுக்கு ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு டியூப் லைட் எரிவதற்கு முன்னால் நாலைந்து முறை படபடவென்று கண்ணடிக்கும். நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கும்போது, அவள் ஈரத்துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போயிருப்பாள். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் சீரியல் லைட் போட்டால் அவள் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்பாள். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் பந்தியிலிருந்து எழுந்துவிடுவாள். அவளுடைய சொந்தக் கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது பொய். கட்டடக்கலை படித்தபோது எனக்கு இந்த ஒரு பாடத்தில்தான் நல்ல மார்க் வந்தது. ஆனால் எந்த அறைக்குக் கணக்குப் போட்டாலும், இதில் விமலா உட்கார முடியுமா என்று ஒரு தடவை மனசு கேட்கும்.

அவள் வீட்டுக்காரர் சாமுவேல் ராஜபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். தேவதானம் பக்கத்து விவசாயிகள்தான் வாடிக்கை. ஐந்து பேரிடம் பேசாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீடு கட்ட ஆரம்பித்ததும் எனக்கு ஃபோன் செய்தார்.

"மதினி, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். லைட்டு மட்டும் நீங்க சொல்லுங்க. வாடக வீட்ல ஆளு வந்தாப் போதும், லைட்டப் போடுவோம், இவ எந்திரிச்சு ரூமுக்குள்ள போயிருவா. எத்தன வருசம் இப்பிடி? சொந்த வீட்லயாவது இவ ஹால்ல நாலு பேரோட ஒக்காந்து பேசணும்."

இதைவிட முக்கியமான வேலையை யாரும் எனக்குத் தந்ததில்லை.

இருபதடிக்குப் பதினாலடி ஹால். இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன். துடிப்பே இல்லாத தரமான விளக்கு, கண்ணில் நேராகக் குத்தாமல் கூரைக்குள் உள்ளடங்கியிருக்கிற விளக்கு என்று தேடித் தேடி எடுத்தேன். பஞ்சு மில் ஊர் என்று நினைவு வைத்துத் தூசிக்குக் கூடுதலாகக் கழித்தேன். இங்கே மேசை உயரத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்றுதான் பார்ப்பார்கள். நம் வீட்டில் காய் நறுக்குவதும் பூக் கட்டுவதும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் தரையில்தானே என்று, தரைக்குக் கணக்கு வைத்தேன். இங்கே வளர்ந்த எந்த டிசைனருக்கு இது தோன்றும் என்று நினைத்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியில் பன்னிரண்டு விளக்குகள் வந்தன. வரிசைக்கு நாலு, மூன்று வரிசை. வரைபடத்தை அனுப்பிவைத்தேன்.

4

அக்டோபரில் மகள் மிராவுக்குப் பள்ளி விடுமுறை. அவளையும் கூட்டிக்கொண்டு புது வீட்டைத் திறந்து ஜெபிக்கிற பிரதிஷ்டைக்குப் போனேன். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். ஊருக்குப் போவதென்றால் பல் டாக்டரிடம் போவது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். அங்கே எல்லாரும் சேர்ந்து தன்னைப் பார்க்கிறார்கள், அதுவும் இத்தனை வெளிச்சத்தில் பார்க்கிறார்கள் என்பது அவளுடைய குறை.

நாங்கள் போய் இறங்கிய அன்று சாயங்காலமே விளக்கைப் போட்டுக் காட்டினார்கள். எலக்ட்ரீசியன் கணேசன் சுவிட்சுப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். நாற்பது வயது இருக்கும், வேலையில் சுத்தமானவர்.

"ஒங்க படத்துல உள்ளதுல ஒரு இஞ்சு மாறல மேடம். டேப்பு வச்சுப் பாத்துக்கோங்க."

டேப்பு வைத்தும் பார்த்தேன், லக்ஸ் மீட்டர் வைத்தும் பார்த்தேன். கணக்கும் தரையும் அப்படியே ஒத்துப்போயின. விமலா ஹாலின் நடுவில் நின்று, அண்ணாந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அக்கா, கண்ணுல குத்தவே இல்லக்கா. எம்புட்டு நேரம்னாலும் நிக்கலாம் போல இருக்கு."

அன்றிரவு எனக்கு எதிரில் யாராவது ஒரு மைக்கை நீட்டியிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

மறுநாள் பிரதிஷ்டை. காலையிலேயே நானும் மிராவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். அப்பா கல்லறையில் பூ வைக்க வேண்டும், பழைய அக்கம்பக்கத்தாரை நேரில் அழைக்க வேண்டும், வருகிறவர்களுக்குப் பால்கோவா வாங்க வேண்டும். அழைக்கப் போன வீடுகளில் எல்லாம் உட்காரவைத்துவிட்டார்கள். பால்கோவாப் பொட்டலங்களோடு ராஜபாளையம் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் பந்தல், நாற்காலி, ஆட்கள். அரக்கப் பரக்கச் சேலையை மாற்றிக்கொண்டு ஓடி வந்தேன்.

5

போதகர் வாசலில் ரிப்பனை வெட்டி, ஜெபம் சொல்லி, உள்ளே காலெடுத்து வைத்ததும் சாமுவேல் எல்லா விளக்குகளையும் போட்டார். கூட்டத்தில் 'ஆ' என்றொரு சத்தம் எழுந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன். விமலா ஹாலுக்கு நடுவே, முதல் வரிசையில், எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருந்தாள்.

மழை வரப்போகிற புழுக்கம். ஹால் நிறைய ஆட்கள். முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, ஃபேனப் போடுப்பா. அவியுது."

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு ஃபேன்கள் மாட்டியிருந்தார்கள். அதுவும் நடு வரிசை விளக்குகளுக்கு இடையிடையே. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் யாரோ ஐந்தாம் நம்பரில் வைத்துவிட்டார்கள்.

நான்கு விளக்குகளின் வெளிச்சத்தையும் இறக்கைகள் வெட்டி வெட்டி அனுப்பின. சுவர் துடித்தது, தரை துடித்தது, போதகரின் வெள்ளை அங்கி துடித்தது. சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று, "டிஸ்கோ! டிஸ்கோ!" என்று குதித்தார்கள். நான் விமலாவின் நாற்காலியைப் பார்த்தேன். அது காலியாக இருந்தது.

ஃபேனை நிறுத்தினோம். இரண்டு நிமிஷத்தில் போதகரின் நெற்றியிலிருந்து வியர்வை வேதாகமத்தில் சொட்டியது. மறுபடி போட்டோம், மறுபடி டிஸ்கோ. நடு வரிசையை மட்டும் அணைக்கலாம் என்றால், டி.வி. பக்கம், சாப்பாட்டுப் பக்கம் என்று டென்மார்க் பாணியில் நான் பிரித்துக் கொடுத்த சுவிட்சுகளில் அது முடியாது. கணேசனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஹால்ல ஃபேன் மாட்டப் போறோம்னு ஒரு வார்த்த என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "ஹாலுன்னா ஃபேன் இருக்கும்ல மேடம். அதையுமா கேப்பாக? ஃபேனு எங்கன்னு நீங்க படத்துல போடல. சரி, தெரிஞ்ச வெசயந்தானன்னு விட்டிருக்கீகன்னு நெனச்சேன்."

பதினேழு வருஷமாக ஃபேன் இல்லாத வீட்டில் குடியிருந்து, ஃபேன் இல்லாத கூரைகளுக்கே கணக்குப் போட்டவள் நான். தரையில் உட்காருவார்கள் என்று ஞாபகம் வந்தது, பஞ்சுத் தூசி ஞாபகம் வந்தது. வேர்க்கும் என்பது மறந்தே போய்விட்டது.

ஹாலில் ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அம்மாள்தான் எழுந்து தீர்ப்புச் சொன்னார். "லைட்டு வத்து, வத்து, வேண்டாம்! ஃபேனு ஓடட்டும். பாட்டுக்கு வெளிச்சம் எதுக்கு?" அவரே போய் எமர்ஜென்சி விளக்கு ஒன்றை எடுத்து வந்து போதகரின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அப்படியாக, வெளிச்ச நிபுணர் கணக்குப் போட்ட பன்னிரண்டு விளக்குகளையும் அணைத்துவிட்டுத்தான் அந்த வீடு பிரதிஷ்டை ஆனது.

நான் உள்ளறைக்குப் போனேன். ஜன்னலை மூடி, ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு விமலா படுத்திருந்தாள். பக்கத்தில் மிரா உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து யார் அருகிலும் ஒட்டாத பிள்ளை, தட்டுத் தடுமாறித் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். "சித்தி, எங்க வீடு எப்பவும் இப்படித்தான் இருக்கும். நீங்க அங்க வந்தா உங்களுக்குப் பிடிக்கும்."

"வாரேன்டா," என்றாள் விமலா. பிறகு என் காலடிச் சத்தம் கேட்டு, "அக்கா, பாட்டு நிக்கக் கூடாது. கதவச் செத்தத் தெறந்து வையி. எனக்குக் கேட்டாப் போதும்."

கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தேன். அவள் வீட்டுப் பிரதிஷ்டையை அவள் அந்த இடுக்கு வழியாகத்தான் கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

6

மறுநாள் காலை அவள் தலைவலி தீர்ந்து, காபி டம்ளரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஏங்க்கா, ஒங்க ஊருல ஃபேனே கெடையாதா?"

"கெடையாது."

"அப்ப வேர்த்தா என்ன செய்வீக?"

"வேர்க்காதுடி."

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். காபி சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. சாமுவேல் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

அன்று பகல் முழுக்க, கூட்டத்துக்கு வந்தவர்களின் வீடுகளுக்கு நானும் அவளும் மீதிப் பால்கோவாவைக் கொடுக்கப் போனோம். போன வீட்டில் எல்லாம் நான் பேச்சைக் கவனிக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வீடு, புது வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு, எல்லாவற்றிலும் ஃபேன் கூரையில் இருக்கிறது, டியூப் லைட் சுவரில் இருக்கிறது. ஒரு வீட்டில்கூட ஃபேனுக்கு மேலே விளக்கு இல்லை. யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்த மாதிரி தெரியவில்லை. ஏன் அப்படி என்று கேட்டால், "பொறவு எங்க மாட்டுவாக?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். கூரையில் பதிக்கிற விளக்குதான் நாகரிகம் என்று நான்தான் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்திருக்கிறேன்.

புதுக் கணக்குப் போட உட்கார்ந்தேன். இரண்டு நீளச் சுவர்களிலும் தலைக்கு மேலே, ஃபேனுக்குக் கீழே, வெளிச்சத்தைக் கூரை ஓரத்துக்கு அனுப்புகிற மாதிரி விளக்குகள். வெள்ளைக் கூரையில் பட்டு, அது ஹால் முழுக்கப் பரவி இறங்கும். இறக்கைக்கு வெட்ட ஒன்றும் இருக்காது. கூரையிலும் சுவரிலும் சேதாரம் அதிகம், ஆகவே லூமென் கூடுதலாக வேண்டும். வரைபடத்தைக் கணேசனிடம் நீட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இப்ப ஃபேன் வரஞ்சிருக்கீகளா மேடம்?"

"ரெண்டையும் வரஞ்சிருக்கேன். எறக்க மூணு மூணு."

"அப்பச் சரி," என்று உளியை எடுத்தார்.

புதுச் சுவரில் முதல் கொத்து விழுந்ததும் சாமுவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பெயிண்டு வாசன கூடப் போகல மதினி..." நல்ல மனுஷன். பேசாமல் கடைக்குப் போய்விட்டார். கணேசன் கூரை விளக்குகளில் நடு வரிசையைக் கழற்றி ஓட்டைகளை அடைத்தார். மீதி எட்டும் இருக்கின்றன, யாரும் போடுவதில்லை.

ஆர்ஹுஸுக்குத் திரும்பி வந்து அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். இப்போது எந்த வேலை வந்தாலும், இந்தக் கூரையில் ஏதாவது சுற்றுமா என்று நான் கேட்டுவிட்டுத்தான் கணக்கை ஆரம்பிக்கிறேன். டென்மார்க்கில் சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது. இருந்தாலும் கேட்கிறேன். போன மாதம் ஒருவர் யோசித்துவிட்டு, "எங்கள் கிளி பறக்கும்," என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

7

மணி மூன்றாகப் போகிறது, ஊரில் ஆறரை. மிரா பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். சித்தி கூப்பிடுகிற நேரம் என்று என் மேசை விளக்கை நகர்த்தி என் முகத்துக்கு நேராக வைக்கிறாள். அவளும் விமலாவும் இப்போது வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள். என்னிடம் டேனிஷ்தான். சித்தியிடம் தமிழ். அதுவும் 'வாரேன்', 'போறேன்' என்று ராஜபாளையத் தமிழ். நான் பதினைந்து வருஷம் முயன்றும் நடக்காத காரியம் அது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனாலும் பேசட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த அறையில் இருக்கிறேன்.

இவர்கள் கூப்பிடுவதற்குள் அந்தக் கடைசிச் சாயங்காலத்தையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் மறுநாள் கிளம்ப வேண்டும். கணேசன் சுவர் விளக்குகளை மாட்டி முடித்து, கைகழுவிவிட்டுப் போய்விட்டார். கொத்தின இடங்களில் பூச்சு இன்னும் காயவில்லை. விமலா ஹாலின் நடுவில் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"போடு," என்றாள்.

விளக்குகளைப் போட்டேன். ஹால் முழுக்க வெளிச்சம் வந்தது.

"ஃபேனையும் போடு. அஞ்சுல வையி."

வைத்தேன். இரண்டும் முழு வேகத்தில் சுற்றின. சுவர் அசையவில்லை. தரை அசையவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சுருக்குகிறாளா, கை நெற்றிக்குப் போகிறதா என்று பார்த்தேன். அவள் அவரைக்காயை மடியில் வைத்து நரம்பெடுத்துக்கொண்டே பிரதிஷ்டைக்கு வந்தவர்களைப் பற்றிக் கதை சொன்னாள். யார் சுருதி தப்பிப் பாடினார்கள், யார் பால்கோவாவை இரண்டு தடவை வாங்கினார்கள் என்று எல்லாம் சொன்னாள். அறைக்குள் படுத்துக்கொண்டு குரலை வைத்தே அத்தனை பேரையும் கண்டுபிடித்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்தார். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக ஹால் கலகலவென்று ஆனது. நான் லக்ஸ் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வந்தவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். நான் வாசல்வரை போய் அனுப்பிவிட்டுத் திரும்பினேன். பேச்சுச் சத்தம் இல்லை. உள்ளறைக் கதவைப் பார்த்தேன், அது திறந்தபடியே கிடந்தது.

விமலா ஹாலிலேதான் இருந்தாள். அவரைக்காய்த் தட்டு ஒரு பக்கம் இருக்க, கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, வெறுந்தரையில் தூங்கிப்போயிருந்தாள். வீடு கட்டின அலுப்பு, விருந்து அலுப்பு, எல்லாம் சேர்ந்து அசத்திவிட்டது. அத்தனை விளக்கும் எரிகிறது. இரண்டு ஃபேனும் சுற்றுகிறது. வெளிச்சம் அவள் முகத்தில் முழுசாக விழுகிறது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை.

கடையை அடைத்துவிட்டு வந்த சாமுவேல் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். அவளைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"வேண்டாம்," என்றேன். "எரியட்டும்."